பாவத்துக்கு இத்தனை செங்கல்

எங்கள் வீட்டுப் பீடத்தில், அந்தோனியார் சுரூபத்துக்கும் வேளாங்கண்ணி மாதா படத்துக்கும் நடுவில், பாதிரியார்களைக் கேலி செய்யும் ஆப்பிரிக்க நாவல் ஒன்று மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. அது கேலி என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா தினமும் காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது சுரூபத்தைத் தொட்டு, படத்தைத் தொட்டு, அந்தப் புத்தகத்தையும் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். அதை அங்கே வைத்தது அம்மா. வீட்டுக்குள் வரக் காரணமாக இருந்தது நான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஃப்ளாட். அந்த ஊரில் மளிகைக் கடையைக் கோல்டு ஸ்டோர் என்பார்கள். அப்பாவுக்குக் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் வெல்டிங் வேலை. அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இருவருக்கும் கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரே ஊர். நான் மட்டும் பஹ்ரைனில் பிறந்தவள். தமிழை வீட்டில் பேசுவேன், ஆங்கிலத்தில் படிப்பேன், சண்டை வந்தால் இந்தியில் போடுவேன். அம்மாவின் ஆங்கிலம் மருந்துச் சீட்டோடு நின்றுவிடும். அப்பாவின் ஆங்கிலம் யார்டு வாசலோடு நின்றுவிடும். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு ஆங்கிலப் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அம்மாவின் வார்டில் உகாண்டா நாட்டு நர்ஸ் ஒருவர் இருந்தார். நல்ல உயரம். நடந்து வரும்போதே ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை ஆங்கிலப் பூசையில் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். நான் அவரை உகாண்டா ஆன்ட்டி என்பேன். கோடை விடுமுறையில் வீட்டில் என்னைத் தனியாக விட முடியாமல் அம்மா சில நாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார். நர்ஸுகள் சாப்பிடும் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் படிக்க எதுவும் இல்லாமல், இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். உகாண்டா ஆன்ட்டி அதைப் பார்த்தார். மறுநாள் பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். படித்துவிட்டு எங்கெங்கே சிரித்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்றார். டிசம்பரில் அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது, அதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அட்டையில், வெள்ளை அங்கி போட்ட தாடிக்கார வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கறுப்பு மனிதர் அவர் தலைக்கு மேலே குடையைப் பிடித்தபடி ஓடிவந்துகொண்டிருந்தார். அம்மா அட்டையைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அங்கி போட்டவர் படம் அட்டையில் இருந்தால் அது புனிதர் வரலாறு. அம்மா புத்தகத்தைத் துப்பட்டாவால் துடைத்து, படிக்காத நேரங்களில் இங்கேதான் இருக்க வேண்டும் என்று பீடத்தில் வைத்தார்.

நானும் அதைப் புனிதர் வரலாறாகத்தான் படித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை.

கதை இதுதான். ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரி. அந்த நாட்டை வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம். ஏரிக்கரையில் ஃபாதர் குஸ்தாவ் என்ற சாமியார் கோவில் வைத்திருக்கிறார். ஏரியின் மறுகரையில் இன்னொரு சபைக்காரர்கள் ஒரு மணிக்கூண்டு கட்டிவிடுகிறார்கள். அதைவிட உயரமாகத் தானும் ஒன்று கட்டவேண்டும் என்று ஃபாதர் நினைக்கிறார். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு ஒரு யோசனை வருகிறது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்களுக்குச் செபத்துக்குப் பதிலாகச் செங்கல்லை அபராதமாகக் கொடுக்கிறார். பொய் சொன்னால் இரண்டு செங்கல். பூசைக்கு வராவிட்டால் ஐந்து. முரசு அடித்து ஆடினால் பத்து. இரண்டாவது மனைவி வைத்திருந்தால் நூறு. சூளையில் செங்கல்லை அறுத்து, சுட்டு, தலையில் சுமந்து கோவிலுக்குக் கொண்டுவர வேண்டும்.

மணிக்கூண்டு வளர்கிறது. பாதி வளர்ந்ததும் செங்கல் வருவது குறைந்துவிடுகிறது. சனங்கள் திருந்திவிட்டார்கள். ஃபாதருக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் செய்யக்கூடாத பாவங்களை ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்கிறார். அவற்றில் பலவற்றை அந்த ஊர்க்காரர்கள் அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த மாதம் செங்கல் மறுபடியும் வந்து குவிகிறது. அந்த வட்டாரத்தை ஆளும் துரை இதைப் பார்க்கிறார். தனக்கும் ஒரு ஜெயில் கட்ட வேண்டும், பாதிச் செங்கல்லைக் கொடுங்கள் என்கிறார். ஃபாதர் கொடுக்கிறார். ஒரே சூளைச் செங்கல்லில் ஒரு பக்கம் கோவில் மணிக்கூண்டும் இன்னொரு பக்கம் ஜெயிலும் எழும்புகின்றன.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கேள்விகள் இருந்தன. அட்லஸில் அந்த ஏரியைத் தேடிக் கண்டுபிடித்து ஸ்கேல் வைத்து அளந்தேன். செய்யக்கூடாத பாவங்கள் என்று ஃபாதர் சொன்னவை என்னென்ன என்று புத்தகத்தில் இல்லை. அது ஆசிரியர் செய்த பெரிய தவறாக எனக்குப் பட்டது. எங்களுக்கு மறைக்கல்வி நடத்திய தூத்துக்குடி டீச்சர் ஆன்ட்டியிடம், இரண்டாவது மனைவிக்கு நூறு செங்கல் என்றால் இரண்டாவது புருஷனுக்கு எத்தனை என்று கேட்டேன். அவர் அம்மாவிடம் கேட்கச் சொன்னார். அம்மா அப்பாவிடம் கேட்கச் சொன்னார். அப்பா, ஆறாம் வகுப்பில் இதெல்லாமா கணக்குப் பாடத்தில் வருகிறது என்று கேட்டார்.

ஃபாதர் குஸ்தாவின் முறை எனக்கு மிகவும் நியாயமாகத் தோன்றியது. செபம் என்றால் சொன்னோமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. செங்கல் கண்ணுக்குத் தெரியும். குதைபியாவில் செங்கல்லுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் தடிமனான டெலிஃபோன் டைரக்டரி ஒன்று இருந்தது. பொய் சொன்ன நாட்களில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஹாலிலிருந்து பால்கனிக்கு இரண்டு முறை போய்வருவேன். அம்மா கேட்டால் நடை பழகுவதாகச் சொல்வேன். அதுவும் பொய் என்பதால் இன்னும் இரண்டு முறை நடக்க வேண்டியிருக்கும்.

அக்டோபரில், மிஷனரிகளை நினைக்கும் மறைபரப்பு ஞாயிறு வந்தது. அங்கே வார விடுமுறை வெள்ளி என்பதால் ஞாயிறுகூட வெள்ளிக்கிழமைதான் வரும். எங்கள் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் அன்பியத்துக்கு அப்பாதான் பொறுப்பாளர். மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். அந்த மாதம் எங்கள் முறை. தமிழ் மக்களைக் கவனிக்க வந்திருந்த இளம் சாமியாரும் வருகிறார் என்றதும், அப்பா இரண்டு நாள் முன்பிருந்தே ஏசியைக் கழற்றித் துடைத்தார், பக்கத்து ஃப்ளாட்டில் நாற்காலி கேட்டார். சாமியாருக்கும் எங்கள் கடற்கரைதான் சொந்தம், எங்கள் ஊரிலிருந்து நாலு ஊர் தள்ளி. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு மறைபரப்பாளரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் ஆன்ட்டி அறிவித்திருந்தார். யாரைப் பற்றிச் சொல்லப்போகிறாய் என்று அப்பா கேட்டார். ஃபாதர் குஸ்தாவ் என்றேன். அப்பா பீடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வாய்க்குள்ளேயே சொல்லாமல் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

நாற்பது பேராவது வந்திருப்பார்கள். குடும்பமாக வந்தவர்கள் சோபாவிலும் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். லாஞ்சில் மீன் பிடிக்கும் எங்கள் கடற்கரை ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுவர் ஓரமாகக் கீழே உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் அப்பாவின் பெரியப்பா மகன். எனக்கு அவர் பெரியப்பா. கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவருவார். அதிகம் பேசமாட்டார்.

மூன்று பிள்ளைகள் மூன்று புனிதர்களைப் பற்றிச் சொன்னார்கள். மூன்று பேரும் பேப்பரைப் பார்த்து வாசித்தார்கள். என் முறை வந்தது. நான் பேப்பர் இல்லாமல் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். ஏரி, கோவில், மறுகரை மணிக்கூண்டு எல்லாம் சொன்னேன். எல்லோரும் பக்தியாகக் கேட்டார்கள். டீச்சர் ஆன்ட்டி மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, இப்படிச் சொல்ல வேண்டும் என்பது போலக் கை காட்டினார். செங்கல் அபராதத்துக்கு வந்தேன். பொய்க்கு இரண்டு, பூசைக்கு வராவிட்டால் ஐந்து. சுவர் ஓரத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். நான் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். புனிதர் வரலாற்றில் சிரிக்கிறாரே என்று எனக்குக் கோபம். மேலே சொன்னேன். இரண்டாவது மனைவிக்கு நூறு என்றதும் சுவர் ஓரம் முழுவதும் சிரித்தது. சனங்கள் திருந்தியதால் ஃபாதருக்குத் தூக்கம் போனதைச் சொன்னபோது சோபாவில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சாமியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். டீச்சர் ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. அம்மா சமையலறை வாசலில் தட்டோடு நின்று, யார் யார் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை பாதிச் செங்கல்லைக் கேட்ட இடம் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே எனக்கு நெடுநாளாக இருந்த சந்தேகம் ஒன்றைச் சாமியாரிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

“ஃபாதர், நம்ம ஊர்ல எந்தப் பாவத்துக்கு எத்தன செங்கல்?”

சாமியார் பதில் சொல்லும் முன்பே பெரியப்பா பேசினார். ஊரில் பிள்ளைகளை அழைப்பதுபோல என்னை மக்களே என்று அழைத்து, சிரித்துக்கொண்டுதான் பேசினார்.

“நம்ம ஊர்ல செங்கல்லு இல்ல மக்களே. மண்ணு. கடப்புறத்து மண்ணு. கூடைக் கணக்கு.”

“எங்க ஊர்ல மீனு” என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.

“ஞாயித்துக்கெழம வலையெடுத்தா அம்பது கூட மண்ணு” என்று பெரியப்பா விரலை மடக்கினார். “சாமியாரு எதுக்க வந்தா தலத்துண்ட எடுக்காதவனுக்கு இருவது. ஒருத்தன் வீட்டுப் பொண்ணு எவன்கூடயாவது போயிட்டாண்ணு வையி, அந்த வீட்டுக்கு…”

அங்கே நிறுத்தினார். அவர் கண் அப்பாவிடம் போனது. அவர் பக்கத்தில் இருந்தவர்களின் கண்ணும் போனது. சிரிப்பு ஒவ்வொரு இடமாக அணைந்தது.

“அந்த வீட்டுக்கு எத்தன பெரியப்பா?” என்று கேட்டேன்.

அப்பா எழுந்தார். “ஃபாதருக்கு டீ எடுக்கட்டு” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். அவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா போய், டீயை அம்மாவே கொண்டுவந்தார்.

செபமாலை முடிந்தது. டீச்சர் ஆன்ட்டி பீடத்திலிருந்து புத்தகத்தை எடுத்து நின்றபடியே பின்னட்டையை வாசித்தார். பிறகு அம்மாவிடம் வந்தார்.

“அக்கா, இது என்ன புஸ்தகம்னு தெரிஞ்சுதான் மாதா பக்கத்துல வச்சிருக்கீயளா? சாமியார்மாரக் கிண்டல் பண்ணி எழுதுன நாவல்க்கா இது.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் பின்னட்டையைப் படித்ததே இல்லை. கதையைச் சொல்லிவிடுவார்கள் என்பதால் பின்னட்டையை எப்போதும் படிப்பதில்லை. சாமியார் நடுவில் வந்து, புத்தகத்தை டீச்சர் ஆன்ட்டி கையிலிருந்து வாங்கி, புரட்டிப் பார்த்து, தன் தோள்பையில் போட்டுக்கொண்டார். நான் கொண்டுபோறேன் என்று மட்டும் சொன்னார். எல்லோரும் அதைப் பறிமுதல் என்றே எடுத்துக்கொண்டார்கள். நானும்தான். டிசம்பருக்கு இன்னும் ஆறு வாரம்கூட முழுதாக இல்லை.

வந்தவர்கள் போனதும் அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. காலையில் பீடத்துக்கு முன்னால் நின்றார், சுரூபத்தைத் தொட்டார், படத்தைத் தொட்டார், நடுவில் காலியாக இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், போய்விட்டார். பேசாமல் இருப்பதைவிட அடித்திருக்கலாம் என்று இருந்தது. என்ன தப்பு செய்தேன் என்று அம்மாவிடம் கேட்டேன். நீ ஒன்றும் செய்யவில்லை, ஆனால் இனி இதைப் பற்றிப் பேசாதே என்றார். தப்பு செய்யாத ஒன்றைப் பற்றி ஏன் பேசக் கூடாது என்று கேட்டதற்கு, சாப்பிடு என்றார்.

அந்த வருடம் எனக்கு உறுதிபூசுதல் என்ற கோவில் சடங்கு நடக்க இருந்தது. நான் சொன்ன கதையால் அது நின்றுபோகும், அப்பாவின் பொறுப்பாளர் பதவியும் போகும் என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். அவள் அம்மா சொன்னாராம். அடுத்த வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசைக்கு முன்னால் நானாகவே போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். தட்டிக்குப் பின்னால் அதே சாமியார். அவருக்கு என் குரல் தெரிந்துவிடக் கூடாது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

“ஃபாதர், நான் ஒரு பொய்க் கதைய நெசம்னு சொன்னேன்.”

“சளி பிடிச்சிருக்கா பிள்ளே?”

“இல்ல ஃபாதர்” என்று மூக்கை விட்டேன்.

“அது பொய்னு ஆரு சொன்னா?”

“டீச்சர் ஆன்ட்டி. அப்ப நெசமா ஃபாதர்?”

“கொஞ்சம் நெசம்.”

“எவ்வளவு ஃபாதர்?”

“அதத்தான் நானும் பாத்துட்டிருக்கேன். பாதிப் புஸ்தகம் தாண்டிட்டேன். முடிச்சிட்டுத் தாரேன்.”

அபராதமாக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். ஒன்றுதானா என்று கேட்டேன். ஒன்று போதும் என்றார். நாற்பது பேர் முன்னால் சொன்ன பொய்க்கு ஒன்று மிகவும் குறைவு என்று எனக்குப் பட்டது. பின்னால் நிற்கிறவர்கள் இருமியதால் எழுந்து வந்துவிட்டேன்.

பத்துப் பதினோரு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா டூட்டி முடிந்து வரும் நேரத்தில் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் கார் கோல்டு ஸ்டோர் முன்னால் வந்து நின்றது. எங்கிருந்தோ சாமியார் வந்து முன்சீட்டில் ஏறினார். பெரியப்பா பின்சீட்டில் ஏறினார். கார் கிளம்பும் என்று பார்த்தால் கிளம்பவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்கள், வீடு இரண்டு மாடி மேலே இருக்கும்போது, நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து என்ன பேசுவார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. கீழே குனிந்து பார்த்தால் கண்ணாடியில் தெருவிளக்குதான் தெரிந்தது. மாலை மக்ரிப் பாங்கு முடிந்து, தெருவில் கடைக்காரர்கள் தொழுகைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். பிறகு பெரியப்பா இறங்கினார். சாமியார் இறங்கினார். இருவரும் நடந்து போனார்கள். அப்பா காரிலிருந்து உடனே இறங்கவில்லை.

மேலே வந்தபோது கையில் என் புத்தகம் இருந்தது. கண் சிவந்திருந்தது. வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்குக் கண் சிவப்பது சாதாரணம் என்பதால் நான் எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தை என்னிடம் நீட்டினார். முதல்முறையாக அந்தக் கதையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

“மணிக்கூண்டு கட்டி முடிச்சாங்களா மக்களே?”

அன்று நான் சொல்லாமல் விட்ட முடிவைச் சொன்னேன். கட்டி முடித்தார்கள். மணியும் கப்பலில் வந்தது. மணியை ஏற்றிய அன்று மணிக்கூண்டு மெதுவாக ஏரிச் சேற்றுக்குள் இறங்க ஆரம்பித்தது. நிலம் சேறு என்று ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை என்று ஃபாதர் குஸ்தாவ் சூளைக்காரரிடம் கேட்டார். நீங்கள் எங்கள் பாவத்தை மட்டும்தானே கேட்டீர்கள் ஃபாதர் என்றார் சூளைக்காரர்.

அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

உகாண்டா ஆன்ட்டியிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கெங்கே சிரித்தாய் என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள் என்று நடந்ததைச் சொன்னேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிய இடத்தில் அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சாமியார்களைக் கேலி செய்கிற புத்தகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பூசைக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். எழுதியவரும் பூசைக்குப் போகிறவராகத்தான் இருப்பார், உள்ளே இருந்து பார்க்காதவனுக்கு இவ்வளவு தெரியாது என்றார். அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டார். உறுதிபூசுதல் எனக்கு நடந்தது. அப்பாவின் பொறுப்பாளர் பதவியை யாரும் கேட்கவில்லை.

மற்றதை எல்லாம் அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு, என் கல்யாணப் பேச்சு நடந்தபோது. அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தார். பக்கத்து ஊர்ப் பஸ் கண்டக்டர் ஒருவரை, வேறு மதத்துக்காரரை, விரும்பி அவரோடு போய்விட்டார். அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் தாத்தாவின் குடும்பத்துக்குக் கோவிலை அடைத்தார். ஞானஸ்நானம் கிடையாது, கல்யாணம் கிடையாது, செத்தால் கல்லறையில் இடம் கிடையாது. திறப்பதற்கு இரண்டு நிபந்தனை. கோவில் முற்றத்தை உயர்த்த முந்நூறு கூடை கடற்கரை மண் சுமக்க வேண்டும். பிறகு வீட்டு ஆண்கள் பூசை நேரத்தில் பீடத்துக்கு முன்னால் நின்று, அந்தப் பெண் எங்கள் வீட்டில் பிறக்கவில்லை என்று சொல்ல வேண்டும். தாத்தா சொன்னார். அப்பாவும் சொன்னார். எனக்கு அக்கா இல்லை என்று சொன்னபோது அப்பாவுக்கும், குஸ்தாவ் கதை சொன்ன எனக்கு இருந்ததுபோலவே, பதினொரு வயது. மண் சுமந்ததைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை என்றார் அம்மா. சொன்ன சொல்லைத்தான் அவரால் இறக்கி வைக்க முடியவில்லை. பீடத்துக்கு முன்னால் சொன்னதால் அது மாதாவுக்குக் கொடுத்த வாக்கு என்றே நினைத்திருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை காரில் வைத்துச் சாமியார் சொன்னது, அது வாக்கே இல்லை என்பதுதான். பின்சீட்டில் இருந்த பெரியப்பாவிடம் ஒரு டெலிஃபோன் நம்பர் இருந்தது. அப்பா கேட்டால் கொடுக்கலாம் என்று வருடக்கணக்காகப் பர்ஸில் வைத்திருந்தாராம்.

இவற்றில் ஒன்றுகூட எனக்குத் தெரியாத காலத்தில், அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து வரும்போது அப்பா கோல்டு ஸ்டோரில் ஊருக்குப் பேசும் கார்டு ஒன்று வாங்கினார். அம்மாவுக்கு அன்று மதிய டூட்டி. வீட்டில் நானும் அப்பாவும்தான். கார்டைச் சாவியால் சுரண்டிவிட்டு, எழுத்து சிறிதாக இருக்கிறது, நீயே போடு என்று என்னிடம் கொடுத்தார். கார்டு நம்பரைப் போட்டேன். பிறகு ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார், அந்த நம்பரையும் போட்டேன். இத்தனை நிமிடம் இருக்கிறது என்று ஒரு ஆங்கிலக் குரல் சொன்னது. மணி அடித்தது. ரிசீவரை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். யாரிடம் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் நகர்வது என் வழக்கம் இல்லை.

ஒரு பெண் குரல், ஆரு, ஆரு பேசுது என்று கேட்டது. அப்பா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“யக்கா” என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் பேசவில்லை. அந்தப் பக்கமும் பேச்சு இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்து ரிசீவரோடு என் காதையும் ஒட்டிவைத்தேன். போகவில்லை. அங்கே காக்கை கத்துவது கேட்டது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. அப்பா, பேசுங்க, நிமிஷம் போகுது என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் ஆங்கிலக் குரல் நடுவில் புகுந்து ஒரு நிமிடம் இருக்கிறது என்றது. அப்பாவுக்குப் புரியாதோ என்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினேன். அந்த ஒரு நிமிடத்தையும் அவர் அப்படியே விட்டார். பிறகு தானாக அணைந்துபோனது.

அம்மா டூட்டி முடிந்து வந்ததும் வாசலிலேயே ஓடிப்போய்ச் சொன்னேன், அப்பா ஒரு முழுக் கார்டை ஒரு வார்த்தைக்கு மேல் பேசாமல் வீணாக்கிவிட்டார் என்று. அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாருக்குப் போட்டார் என்று கேட்டார்.

தெரியவில்லை, யாரோ ஒரு அக்காவாம் என்றேன்.